எண்பது கிலோ அனுபவம்

நின்று செய்யும் வேலை உண்டு, நடந்து செய்யும் வேலை உண்டு, உட்கார்ந்து செய்யும் வேலையும் உண்டு. ஆனால் உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் உட்கார்ந்தபடி வேறு ஏதாவது செய்தாக வேண்டும்: எழுத வேண்டும், தைக்க வேண்டும், வண்டி ஓட்ட வேண்டும், குறைந்தபட்சம் கொட்டாவியாவது விட வேண்டும். வெறுமனே உட்காருவதையே வேலையாகக் கொண்டு, அதற்கு மாதாமாதம் சம்பளமும் வாங்கி, இருபத்தொரு வருஷம் குடும்பம் நடத்திய மனிதர் ஒருவர் இருந்தார். நாற்காலித் தொழிற்சாலையில் அவருக்கு எண்பது என்று பெயர். வயது நாற்பத்தொன்பதுதான். எடை எண்பது கிலோ.

அந்த எண்பதுக்கு ஒரு வரலாறு உண்டு. தொழிற்சாலையை ஆரம்பித்த பழைய முதலாளி எண்பது கிலோ இருந்தார். புதிதாகச் செய்யும் ஒவ்வொரு நாற்காலியிலும் தானே உட்கார்ந்து பார்ப்பார். "என்னைத் தாங்கினா ஊரைத் தாங்கும்" என்பது அவர் சித்தாந்தம். வயதாகி, வைத்தியர் சொற்படி வாயைக் கட்டியதில் அவர் அறுபத்தெட்டுக்கு இறங்கிவிட்டார். தன் எடையில் ஒரு ஆளைத் தேடினார். தொழிலாளர் அத்தனை பேரையும் சரக்கு நிறுக்கும் மேடையில் வரிசையாக ஏற்றினார். பலகை சுமந்துகொண்டிருந்த ஒருவர் ஏறியபோது முள் எண்பதில் போய் அசையாமல் நின்றது. அன்றைக்குப் பலகையை இறக்கி வைத்தவர்தான் நம் ஆள். அதன் பிறகு அவர் சுமக்கவில்லை, அவரைத்தான் நாற்காலிகள் சுமந்தன.

மணல் மூட்டையை வைத்துப் பார்த்தால் போதாதா என்று கேட்பவர்கள் நாற்காலியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள். மூட்டை நெளியாது. மூட்டை கால்மேல் கால் போடாது. பின்பாக்கெட்டில் இருக்கும் பர்ஸை எடுக்க ஒரு பக்கமாகச் சாயாது. எண்பது இதையெல்லாம் செய்வார். கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார், சாய்வார், முன்னால் நகர்வார், மேலதிகாரி வந்துவிட்ட மாதிரி திடுக்கென்று எழுவார். பிறகு, "பின்னங்கால், இடது பக்கம், ரெண்டாவது ஸ்க்ரூ" என்பார். கழற்றிப் பார்த்தால் அப்படியே இருக்கும். அந்தத் திறமை எங்கே இருந்தது என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் மூளையில் இல்லை.

வெளியே போனாலும் மனிதரால் சும்மா உட்கார முடியாது. ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார், கடைசியில் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு மண்டியிட்டு அதன் அடியைத் தடவினார். துக்கம் தாங்காமல் இப்படி ஆகிவிட்டார் என்று அந்த வீட்டுக்காரர்கள் இவரைத் தேற்ற ஆரம்பித்துவிட்டார்கள்.

வீட்டில் எல்லாம் எடையைச் சுற்றித்தான் நடந்தது. மனைவி தையற்காரி. ஊசியில் நூல் கோப்பதற்கு முன்னால், தினமும் காலையில் கணவரை எடை மெஷினில் ஏற்றிவிடுவாள். எண்பதரை காட்டினால் மதியச் சாப்பாட்டில் ஒரு கரண்டி குறையும். எழுபத்தொன்பதரை காட்டினால் தட்டில் ஒரு முட்டை கூடும். "எங்க வீட்டுக்காரர் தரப் பரிசோதனையில இருக்கார்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்வாள். மாமனாருக்கு மட்டும் கடைசிவரை மனம் ஆறவில்லை. "குந்தித் தின்றால் குன்றும் மாளும்னு சொல்வாங்க. இந்த மனுஷன் குந்துறதுக்கே சம்பளம் வாங்குறாரே, இது எந்தக் கணக்குல சேரும்?" என்று கேட்டபடியே அவர் கண்ணை மூடினார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் புது மேலாளர் வந்து சேர்ந்தார். பழைய முதலாளி போய், அவர் பிள்ளைகள் தொழிற்சாலையைக் கம்பெனியாக்கி, கம்பெனி ஒரு மேலாளரை நியமித்திருந்தது. கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. படித்த மனிதர். அறைக்குள் வந்ததும் முதல் வேலையாகத் தன் பட்டத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். இரண்டாவது வேலையாக ஒவ்வொருவர் ஃபைலையும் வரவழைத்தார். மூன்றாவது நாள் எண்பதைக் கூப்பிட்டார்.

"உங்க தகுதி என்ன?"

"எண்பது கிலோ சார்."

"அதைக் கேக்கல. படிப்பு?"

"பத்தாவது சார்."

"பாஸா?"

"பத்தாவது வரைக்கும் போனேன் சார்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பட்டம் இல்லாதவர்கள் இனிப் பரிசோதனைப் பிரிவில் இருக்கக் கூடாது, விதி வந்துவிட்டது, நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது என்றார். சம்பளத்தில் கை வைக்கப் போவதில்லை. திங்கட்கிழமை முதல் பேக்கிங்.

"வர்றவர் என்ன படிச்சிருக்கணும் சார்? நாற்காலியைப் பத்தியா?"

"எதைப் பத்தி வேணா இருக்கலாம். ஒரு பட்டம் இருந்தா போதும். பட்டம் வாங்கினவருக்கு யோசிக்கத் தெரியும்."

"யோசிக்கவே கூடாது சார்," என்றார் எண்பது பதறிப்போய். "யோசிச்சா சத்தம் கேக்காது."

மேலாளர் இதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டார். பாவம், எண்பது தன் வாழ்க்கையிலேயே இவ்வளவு உண்மையான ஒரு வாக்கியத்தைச் சொன்னதில்லை.

பேக்கிங் என்றால் நாற்காலிக் கால்களுக்குக் காகிதம் சுற்றும் வேலை. இருபத்தொரு வருஷம் நாற்காலியின் மேலே இருந்தவர் இப்போது அதன் காலடியில் உட்கார்ந்தார். அதுவும் தரையில். உடன் வேலை பார்த்தவர்கள் வந்து ஆறுதல் சொன்னார்கள். பெயின்ட் அடிப்பவர், "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா அண்ணே? ஒரு மாசத்துல உங்களைத் தேடி வருவாங்க பாருங்க" என்றார். எண்பதும் அதைத்தான் நம்பினார். அந்த இடம் தனக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும். அதைத் தவிர அவருக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இங்கேதான் மைத்துனர் வருகிறார். மனைவியின் தம்பி, முப்பத்தாறு வயது. கணிதத்தில் ஒரு பட்டம், வரலாற்றில் ஒரு பட்டம். அதனால் குடும்பத்தில் அவருக்கு ரெட்டைப் பட்டம் என்றே பெயர். அக்கா வீட்டு முன்னறையில்தான் வாசம். எந்த வேலையிலும் மூன்று மாதம் தாண்டியதில்லை. நூலகத்தில் சேர்த்துவிட்டார்கள், கேட்டு வந்தவர்களுக்குப் புத்தகத்தைக் கொடுக்காமல், தான் முடித்துவிட்டுத் தருவதாகச் சொன்னார். இன்ஷூரன்ஸ் விற்கப் போனார். வாடிக்கையாளர் இந்த வருஷம் சாவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று உட்கார்ந்து கணக்குப் போட்டு, "உங்களுக்கு இது தேவையே இல்லை" என்று சொல்லிவிட்டு வந்தார். நல்ல மனிதர்தான். பிழைக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

ஒருநாள் சாயங்காலம் அவர் தலைகால் புரியாத சந்தோஷத்தோடு ஒரு கடிதத்தை நீட்டினார். "அக்கா, வேலை கிடைச்சிடுச்சு! தர உறுதி அலுவலர்!"

அக்கா தையல் மெஷினை விட்டு எழுந்து, சர்க்கரை டப்பாவைத் திறந்து, ஒரு பிடி அள்ளித் தம்பி வாயில் போட்டாள். எண்பதின் வாயிலும் போட்டாள். "எந்தக் கம்பெனி?" என்று அதன் பிறகுதான் கேட்டாள்.

அவர் கம்பெனியின் பெயரைச் சொன்னார். எண்பதின் வாயில் சர்க்கரை அப்படியே நின்றது.

ரெட்டைப் பட்டத்துக்கு ஒரு பாவமும் தெரியாது. விளம்பரத்தில் 'தர உறுதி அலுவலர்' என்று போட்டிருந்தார்கள். நாற்காலியில் உட்காருவதற்கு இப்படி ஒரு பேர் இருக்கும் என்று எந்த மனிதனுக்குத் தோன்றும்? விஷயம் புரிந்ததும் அவர் கடிதத்தை இரண்டாக மடித்து, நான்காக மடித்து, "நான் போகல மாமா" என்றார்.

அக்கா இருதலைக் கொள்ளி எறும்பு ஆனாள். தம்பிக்கு ஒரு வேலை கிடைக்க வேண்டும் என்று எட்டு வருஷமாக வேண்டிக்கொண்டிருந்தவள். வேண்டுதல் பலித்துவிட்டது, பலித்த இடம்தான் தப்பாகிவிட்டது. அவள் யார் முகத்தையும் பார்க்காமல் ஒரு பட்டனை எடுத்து, எதிலும் வைத்துத் தைக்காமல், கையில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

எண்பது சர்க்கரையை விழுங்கினார். "போ மாப்ள. நீ போகலைன்னா வேற எவனாவது வருவான். அவன் என் சாப்பாட்டு மேஜையில உக்காந்து சாப்பிட மாட்டான், நீ சாப்பிடுவ. அதுதான் வித்தியாசம்" என்றார். பெருந்தன்மையான பேச்சுதான். ஆனால் பெருந்தன்மை பசியெடுக்க விடாது. அன்றிரவு தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தார். மறுநாளும் அப்படியே.

மெஷினில் ஏறுவதையும் நிறுத்திவிட்டார். "இனிமே என் எடை யாருக்கு வேணும்?" என்றார். மனைவி அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, மேலே ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடினாள். மாமனும் மைத்துனரும் காலையில் ஒரே பஸ்ஸில் போனார்கள், ஒரே மாதிரி டப்பாவில் சாப்பாடு கொண்டுபோனார்கள், தொழிற்சாலை வாசலில் ஒருவர் வலது பக்கமும் ஒருவர் இடது பக்கமும் பிரிந்து நடந்தார்கள். எண்பதுக்கு மைத்துனர் மேல் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். கோபம் இருந்தது. அது நியாயமில்லை என்றும் தெரிந்திருந்தது. இரண்டும் சேர்ந்து வயிற்றை அடைத்துக்கொண்டன.

ரெட்டைப் பட்டம் ஐம்பத்தெட்டு கிலோ. எலும்பும் பட்டமுமாக இருப்பார். அவர் உட்கார்ந்தால் நாற்காலிக்கே தெரியாது. இந்தக் குறையை அவர் கணிதத்தால் ஈடுகட்டினார். ஐம்பத்தெட்டு கிலோவுக்கு ஒரு நாற்காலி எத்தனை முறை கத்துகிறதோ, அதை எண்பதால் பெருக்கி ஐம்பத்தெட்டால் வகுத்தால், எண்பது கிலோவுக்கு எத்தனை முறை கத்தும் என்று தெரிந்துவிடும். அழகான சூத்திரம். மேலாளர் அதைப் பார்த்துப் பூரித்துப்போய், தொழிலாளர் கூட்டத்தில் கரும்பலகையில் எழுதியே காட்டினார். ஒரே ஒரு சங்கடம், ஐம்பத்தெட்டுக்கு எந்த நாற்காலியும் கத்தவில்லை. பூஜ்யத்தை எண்பதால் பெருக்கினாலும் பூஜ்யம், எண்ணூறால் பெருக்கினாலும் பூஜ்யம். எல்லா நாற்காலிகளும் பாஸ்.

இரண்டு மாதம் ஆனது. ஒரு கல்லூரியில் புதிதாகக் கட்டிய அரங்கத்துக்கு நானூறு நாற்காலிகள் கேட்டிருந்தார்கள். புது மாடல், வளைந்த முதுகு, மெத்தை இருக்கை. அரங்கத்தின் முதல் நிகழ்ச்சியே பட்டமளிப்பு விழா. மேலாளர் படித்த கல்லூரி அது. அவருக்கு முதல் வரிசையில் இடம் போட்டிருந்தார்கள். "ஒரு குறை இருக்கக் கூடாது" என்று ரெட்டைப் பட்டத்தைக் கூப்பிட்டுச் சொன்னார்.

அன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் ரெட்டைப் பட்டம் பேக்கிங் பகுதிக்கு வந்து நின்றார். காகிதச் சுருளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த மாமாவிடம் குனிந்து, "மாமா, ஒரே ஒரு தடவை வந்து உக்காந்து பாருங்களேன்" என்றார்.

"ஏன், உன் சூத்திரம் என்ன ஆச்சு?"

"சூத்திரம் சரின்னுதான் சொல்லுது. எனக்குத்தான் பயமா இருக்கு."

எண்பதுக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக ஒருவர் அவரை உட்காரச் சொல்கிறார். முகத்தில் காட்டிக்கொள்ளாமல் எழுந்து, கையைத் துடைத்து, பரிசோதனை அறைக்குப் போனார். கண்ணை மூடினார். உட்கார்ந்தார், சாய்ந்தார், பர்ஸ் எடுக்கச் சரிந்தார், கால்மேல் கால் போட்டார், திடுக்கென்று எழுந்தார். ஒரு முனகல்கூட இல்லை. பத்து நாற்காலிகளில் பார்த்தார். பத்தும் பரம சாதுக்களாக இருந்தன.

"தங்கம், மாப்ள. தாராளமா அனுப்பு."

நாற்காலிகள் போயின. காகிதம் பிரித்து வரிசையாகப் போடுவதற்காகப் பேக்கிங் ஆட்களையும் கூடவே அனுப்பினார்கள். விழா முடியும்வரை அங்கேயே இருக்கச் சொல்லியிருந்ததால், எண்பது அரங்கத்தின் பக்கவாட்டுக் கதவோரம் சுவரில் சாய்ந்து நின்றார்.

முதலில் மாணவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். நூற்றைம்பது பேர், எல்லோரும் ஒல்லி. ஒரு சத்தமும் இல்லை. எண்பது பெருமையோடு கையைக் கட்டிக்கொண்டார். அப்புறம் பெற்றோர்கள் வந்தார்கள். அங்கங்கே ஒரு கிறீச். யாரோ செருப்பைத் தேய்க்கிறார்கள் என்று நினைத்தார். அதற்கும் அப்புறம் பேராசிரியர்கள் நீள அங்கிகளோடு வரிசையாக வந்து, ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள்.

கிறீச்ச்ச்.

படிப்பு ஏற ஏற எடையும் ஏறும் போலிருக்கிறது. துறைத் தலைவர்களின் வரிசை சேர்ந்திசை மாதிரிக் கத்தியது. எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது முதல் வரிசையில் மேலாளர் உட்கார்ந்த நாற்காலி. அவர் எண்பத்தைந்து கிலோ இருப்பார். அவர் மூச்சு விட்டாலே அது பதில் சொன்னது.

சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்தார். "மாணவச் செல்வங்களே! பட்டம் என்பது வெறும் காகிதம் அல்ல."

கிறீச்.

"அது உங்கள் உழைப்பின் அடையாளம்."

கிறீச், கிறீச்.

"பின்வரிசையில் சிரிப்பவர்கள் வெளியே போகலாம்," என்றார் விருந்தினர். யார் சிரித்தது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். திரும்பினால் நாற்காலி சும்மா இருக்குமா? அரங்கமே ஒரு பெரிய கதவு திறப்பதுபோல் கத்தி ஓய்ந்தது. அதன் பிறகு ஒருவரும் அசையவில்லை. ஒரு பேராசிரியர் தும்மலை அடக்கி அடக்கிப் பார்த்து, முகம் சிவந்து, கடைசியில் தும்மிவிட்டார். அந்த வரிசை முழுவதும் அதிர்ந்து அடங்கக் கால் நிமிஷம் ஆனது. மாணவர்கள் அடக்கமாட்டாமல் சிரித்து, பட்டம் வாங்க மேடைக்குப் போனவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள். மேலாளர் மட்டும் விழா முடியும்வரை நாற்காலியில் பட்டும் படாமலும், தொடையில் பாரத்தைத் தாங்கியபடி, முக்கால்வாசி நின்றுகொண்டே இருந்தார்.

எண்பது சிரிக்கவில்லை. ஊரே சிரிக்கும்போது அவர் ஒருவருக்குத்தான் அழுகை வந்தது. இருபத்தொரு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் உடம்பு அவரிடம் பொய் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்ததும் நேரே போய்ப் போர்வையை இழுத்துப் போட்டுவிட்டு மெஷினில் ஏறினார். எழுபத்தாறரை.

"மெஷின் கெட்டுப்போச்சா?" என்று மனைவியைக் கேட்டார்.

அவள் கீழே கிடந்த போர்வையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

"எழுபத்தாறரைன்னா பேன்ட் இடுப்புல நிக்காம நழுவணுமே. எனக்குச் சரியாத்தானே இருக்கு?"

"நான்தாங்க பிடிச்சுத் தைச்சேன்," என்றாள் அவள். "நீங்க குளிக்கப் போறப்ப எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா. நாலு பேன்ட்டையும். இளைச்சுப்போயிட்டோம்னு தெரிஞ்சா இன்னும் மனசு உடைஞ்சு போயிடுவீங்களேன்னுதான்…" அதற்கு மேல் சொல்ல முடியாமல் அழுதுவிட்டாள்.

எண்பது மெஷினை விட்டு இறங்கவே இல்லை. அதன் மேலேயே நின்றபடி மனைவியின் தலையைத் தடவிக்கொடுத்தார். அவளைக் கோபிக்க முடியுமா? அவர் மனசு உடையக் கூடாதென்று இடுப்பைப் பிடித்துத் தைத்தவளிடம் கோபிக்க என்ன இருக்கிறது? எண்பது கிலோவுக்குக் கத்த வேண்டிய நாற்காலி எழுபத்தாறரைக்கு வாயைத் திறக்கவில்லை. நாற்காலி அவரை ஏமாற்றவில்லை, உட்கார்ந்தவர்தான் மாறிப்போயிருந்தார்.

மறுநாள் காலை பஸ்ஸில் ரெட்டைப் பட்டம் முதல் தடவையாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மாமா, நீங்க வந்து உக்காந்தது யாருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம். எனக்கு வேலை போறது புதுசா என்ன?" என்றார். எண்பது ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இறங்கியதே என்று வெட்கமாகவும் இருந்தது.

மேலாளர் அறையில் விசாரணை. ரெட்டைப் பட்டத்தோடு, அரங்கத்தில் நாற்காலி போட்டவர் என்று எண்பதையும் கூப்பிட்டிருந்தார்கள். பிரித்துப் போட்ட ஒரு நாற்காலி மேஜைமேல் கிடந்தது. பின்பக்கத் தகட்டுக்கும் இருக்கைக்கும் நடுவில் போடவேண்டிய வாஷர் ஒன்று குறைந்திருந்தது. கொஞ்சம் கனமானவர் உட்கார்ந்தால் தகடு உரசும். உற்பத்தி மேற்பார்வையாளர், "அரங்கத்துத் தரைதான் சார் மேடு பள்ளம்" என்று ஆரம்பித்துப் பார்த்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மேலாளர் அவரை வெளியே அனுப்பினார்.

"இதுல உக்காந்து பாத்தது யாரு?"

"நான்தான் சார்," என்றார் ரெட்டைப் பட்டம்.

"வேற யாரும் பாக்கலையா?"

"இல்ல சார். நான் மட்டும்தான்."

மேலாளர் சுவரில் மாட்டியிருந்த தன் பட்டத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு எண்பதின் பக்கம் திரும்பினார். "சரி. விதி விதிதான், ஆனா நேத்து நான் பட்ட அவமானம் இருக்கே! நீங்க நாளையிலேர்ந்து பழைய இடத்துக்கு வந்துடுங்க. இவரை அனுப்பிடறேன்."

இரண்டு மாதமாக இதைக் கேட்கத்தானே காத்திருந்தார்? வாயைத் திறக்காமல் தலையை ஆட்டினால் போதும். எண்பது தலையை ஆட்டத்தான் பார்த்தார். பக்கத்தில் ரெட்டைப் பட்டம் சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார், பழகிய கையால், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே. அதைப் பார்த்ததும் தலை ஆட மறுத்துவிட்டது.

"சார், நானும் உக்காந்தேன் சார்."

"எதுல?"

"அந்த நாற்காலியிலதான். மதியம் வந்து பத்துல உக்காந்து பாத்தேன். தங்கம், அனுப்புன்னு நான்தான் சொன்னேன். இவரு பயந்தாரு சார். நான்தான் பயப்படல."

மேலாளருக்குத் தலை சுற்றியது. "பட்டம் வாங்கினவரும் கோட்டை விட்டாரு, அனுபவசாலியும் கோட்டை விட்டீங்க. அப்போ உங்க இருபத்தொரு வருஷ அனுபவத்தை வச்சு நான் என்னய்யா பண்றது?"

"அனுபவம் அப்படியேதான் சார் இருக்கு. எடைதான் மூணரை கிலோ குறைஞ்சுபோச்சு."

"ஏன் குறைஞ்சது?"

"உங்க நோட்டீஸைப் படிச்சதுலேர்ந்து சாப்பாடு இறங்கல சார்."

மேலாளருக்கு மனம் இல்லை என்று இல்லை. அவருடைய மனத்துக்கும் வாய்க்கும் நடுவில் எப்போதும் ஒரு விதிப் புத்தகம் இருக்கும், அவ்வளவுதான். கடைசியில் அந்தப் புத்தகத்தையே எடுத்துப் புரட்டினார். பட்டம் இல்லாத ஊழியர் யாரும் பரிசோதனை அறையில் இருக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. ஆனால் கருவிகளுக்குப் பட்டம் வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை. மேலாளர் முகம் மலர்ந்துவிட்டது. கருவிப் பட்டியலை வரவழைத்து, அளவு நாடா, மட்டப் பலகை, ஸ்பேனர் ஆகியவற்றுக்குக் கீழே தன் கையாலேயே எழுதினார்: எண்பது கிலோ, ஒன்று.

ஆக, ரெட்டைப் பட்டம் அலுவலராகத் தொடர்வார். எண்பது அவர் பயன்படுத்தும் கருவியாக இருப்பார். கருவி என்றால் அளவு சரியாக இருக்க வேண்டுமாதலால், எண்பதைத் தொடும்வரை வீட்டில் இருந்து சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். நானூறு நாற்காலிகளுக்கும் வாஷர் போடும் வேலை பேக்கிங் ஆட்களுக்கும், தரை மேடு பள்ளம் என்ற மேற்பார்வையாளருக்கும்.

எண்பது இதை வீட்டில் வந்து வேடிக்கையாகத்தான் சொன்னார். "என்னைப் பழுது பாக்க அனுப்பியிருக்காங்க" என்று சொல்லிச் சிரித்தார். ரெட்டைப் பட்டமும் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. தட்டில் இரண்டு முட்டையை வைத்துவிட்டு, "மனுஷனைக் கொண்டுபோய் ஸ்பேனரோட சேத்து எழுதியிருக்காங்க. இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்றாள். அதற்குப் பிறகு எண்பதுக்கும் சிரிப்பு வரவில்லை. இடம் கிடைத்துவிட்டது, ஆனால் அந்த இடத்தில் உட்காரப்போவது ஒரு சாமான். முட்டையைத் தட்டோரம் தள்ளி வைத்தார். ஆனாலும் சாப்பிட்டார். எடை ஏற வேண்டுமே.

பதினோரு நாளில் எண்பது வந்தது. மனைவி நாலு பேன்ட்டிலும் தான் போட்ட தையலைப் பிரித்துக் கொடுத்தாள். தொழிற்சாலையில் சரக்கு மேடையில் ஏற்றி நிறுத்து, சரி என்று சீட்டுக் கொடுத்தார்கள். பரிசோதனை அறையில் ஒரு புது நாற்காலி காத்திருந்தது. ரெட்டைப் பட்டம் அட்டையில் படிவத்தைச் செருகிக்கொண்டு பக்கத்தில் நின்றார். எண்பது கண்ணை மூடி உட்கார்ந்தார். சாய்ந்தார். சரிந்தார். எழுந்தார்.

"முன்னங்கால், வலது பக்கம். போல்ட் அரைச் சுத்து இறுக்கணும்."

ரெட்டைப் பட்டம் எழுதினார். எழுதிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார். படிவத்தில் 'பயன்படுத்திய கருவி' என்று அச்சிட்டு, பக்கத்தில் கோடு போட்டிருந்தது. பேனா அந்தக் கோட்டுக்கு மேலே நின்றது. அவர் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். பிறகு அளவு நாடா, ஸ்பேனர் என்று மட்டும் எழுதினார். தன் கையெழுத்தைப் போட்டார். அதற்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தில் ஸ்கேலை வைத்து ஒரு கோடு இழுத்து, கோட்டுக்குக் கீழே குண்டு குண்டாக, 'உட்கார்ந்து பார்த்தவர்' என்று எழுதி, அட்டையையும் பேனாவையும் நீட்டினார்.

"இங்க ஒரு கையெழுத்து போடுங்க மாமா."

இத்தனை வருஷத்தில் சம்பளப் பதிவேட்டைத் தவிர வேறு எதிலும் யாரும் எண்பதிடம் கையெழுத்துக் கேட்டதில்லை. பழைய முதலாளிகூடக் கேட்டதில்லை. வாயால் சொன்னால் போதும், வேறு யாராவது எழுதிக்கொள்வார்கள். எண்பது பேனாவை வாங்கினார். முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, நாற்காலியிலேயே மறுபடி உட்கார்ந்து, அட்டையைத் தொடையில் வைத்து, அப்பா வைத்த தன் முழுப் பெயரையும் ஓர் எழுத்து விடாமல் எழுதினார்.